காலி கேஜ்

என் வீட்டுக்காரர் மனோகர் பெண் பார்க்க வந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "பாக்க வந்தவனும் நான்தான், பாக்கப்படறவனும் நான்தான்." அதற்கு அர்த்தம் தேடியே எனக்கு ஒரு வாரம் போயிற்று. கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து அவரிடமே கேட்டேன். "எனக்கும் தெரியாது லதா, அப்ப சொல்ல நல்லா இருந்துச்சு" என்றார்.

இந்த மாதிரிப் பேச்சுக்குக் கோலார் தங்கவயலில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மரியாதையாகச் சொன்னால் தத்துவம். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது பில்டப். எங்கள் தெருவில் மைன்ஸில் வேலை பார்த்தவர்கள் 'காலி கேஜ்' என்பார்கள். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு. மணி அடிக்கும், கம்பி வடம் ஓடும், தடதடவென்று மேலே வரும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ஈ காக்கை இருக்காது. இவர் பேச்சும் அதே கதைதான். பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் கத்தினால், "தீந்தது கேஸ் இல்ல லதா, நம்ம பொறுமை" என்பார். அரைவேக்காட்டுச் சோற்றோடு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்!

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மைன்ஸை மூடியபோது இவருக்கும்தான் வேலை போயிற்று. ஆனாலும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். யாருக்கும் சொல்ல உருப்படியாக ஒரு சேதி இல்லாத நாட்கள் அவை. இவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்கள், ஒரு வாய் டீ குடித்தார்கள். அன்றிலிருந்து கல்யாணமோ சாவோ, நாலு வார்த்தை பேச இவரைத்தான் கூப்பிடுவார்கள். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்த பிறகு, தினமும் போய் வரும் ரயிலிலும் அதே பேச்சுதான்.

போன ஆவணியில் மாரிகுப்பத்திலிருந்து பாபு வந்தார். இவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கோலாரில் டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இன்னா மனோ, பண்ணிக்கட்டுமா, வேணாவா?"

இவர் கண்ணை மூடினார்.

"கத்தி தொடாத எடத்தையும் காலம் தொடும் பாபு."

பாபு தலையாட்டினார். "கரெக்ட்டு" என்று எழுந்து போய்விட்டார்.

"பண்ணிக்கச் சொன்னீங்களா, வேணாம்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். இவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். போய்த் தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். கூச்சம். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. போன்கூடப் பண்ணவில்லை.

பதினோராம் நாள் காலை ரயிலிலிருந்து போன் பண்ணினார். "நம்ம தெரு ஜோஸ் சொல்றான், பாபு கோலார் ஆஸ்பத்திரில கீறானாம். வேற ஒண்ணும் தெரியாதாம். என் பேச்சைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டான் லதா. அவனுக்கு ஏதாச்சும் ஆனா நான்தான் காரணம்." பங்காரப்பேட்டையில் இறங்கி பஸ் பிடிப்பதாகச் சொன்னார். நான் எங்கள் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வேறு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டும் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போகத் தைரியமில்லை. அவர் வாயில் ஒரு வார்த்தையும் வராததை அன்றுதான் பார்த்தேன். கோபமெல்லாம் போய்விட்டது. கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப் போனேன்.

பாபு தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் இந்து.

"மன்னிச்சுடுடா" என்று இவர் உடைந்துவிட்டார். "அன்னிக்குச் சொன்னதுக்கு அர்த்தமே இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு சொல்லியிருக்கணும்."

பாபு விழித்தார். "ஆபரேஷன் முடிஞ்சு இன்னியோட அஞ்சு நாளாவுது. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே தேதி வாங்கிட்டேன்."

"பின்ன ஏன்டா என்னைக் கேட்டே?"

"கேக்கலன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான்தாண்ணே அனுப்பினேன்" என்றாள் இந்து.

"உன் பேச்சைக் கேட்டு இந்த ஊர்ல எவன்டா ஒரு காரியம் பண்ணிக்கீறான்?" என்றார் பாபு.

வேறொருவராயிருந்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தனுமா இல்ல? ஜோஸ் என் பேச்சைக் கேட்டுப் பழைய வேலைய விட்டானே?"

"அவனை அவங்களே அனுப்பிட்டாங்க."

"அவன் தங்கச்சி எலைன் கல்யாணம்?"

"அவ உன்கிட்ட கேக்கும்போதே பத்திரிகை அடிச்சாச்சு."

"சத்தியமா?"

"என் நெஞ்சு மேல சத்தியமா. இப்பதான் ரிப்பேர் பண்ணிக்கீறாங்க."

ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார். அவர் சொன்னதில் எனக்கு உடனே புரிந்தது அது ஒன்றுதான்.