அப்பாவின் புத்தகத்தில் லாரி பிடித்தது யார்?

ஆயர் தாவார் பெரியவர்

மலேசியாவில், ஈப்போ நகரில் ஓர் அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாண அட்டை, பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது குடும்பப் புத்தகம்தான். வயதானவர்கள் வந்து உட்கார்ந்து, தாங்கள் வாழ்ந்த விதத்தையும், பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பதையும் பேசுவார்கள். நாங்கள் அதை ரெக்கார்ட் செய்து, எழுதி, லேஅவுட் போட்டு, பழைய போட்டோக்களோடு பைண்டிங் செய்து கொடுப்போம். கடையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதச் சொன்னவர் எங்கள் முதலாளி ஹமீது பாய். வேலையைப் பற்றி மட்டும் எழுதுவதாகத்தான் ஆரம்பித்தேன்.

முதல் புத்தகமே சொதப்பல். ஆயர் தாவாரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். கூடவே மருமகளும் வந்து உட்கார்ந்துகொண்டார். பெரியவர் ஒரு வாக்கியம் சொன்னால் அந்த அம்மா இரண்டு வாக்கியம் திருத்துவார்.

“மாமா, அது அப்படி இல்ல. நீங்க அப்ப கோவப்படல. பொறுமையாத்தான் பேசினீங்க.”

“நான் கோவப்பட்டேம்மா. அவன அறைஞ்சே புட்டேன்.”

“பேரப்புள்ளைங்க படிக்கிற புக்குல அதெல்லாம் வேணாம் லா.”

விவரம் தெரியாத நானும் அந்த அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன். புத்தகம் பளபளவென்று வந்தது. பெரியவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. யாரு இந்த ஆளு?” என்று என்னிடம் கேட்டார்.

அன்றைக்கே பாயும் நானும் உட்கார்ந்து விதி போட்டோம். உள் அறையில் பேசுகிறவரும் எழுதுகிறவரும் மட்டும்தான். சொந்தக்காரர்கள் எதிரே உள்ள கோப்பிக் கடையில் காத்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் பேசியவருக்கு முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் மாற்றச் சொன்னால் மாற்றலாம். வேறு யார் கேட்டாலும், அழுதாலும், ஒரு வார்த்தை மாறக்கூடாது.

அழுதும் இருக்கிறார்கள். செமோரிலிருந்து வந்த ஓர் அக்கா, “எங்கம்மாவ இத்தன வருஷமா நான்தான் பாக்குறேன். புக்குல பூரா தம்பி பேருதான் இருக்கு. என்னைப் பத்தி ஒரு வரி போடுங்களேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, இது உங்கம்மா புத்தகம்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்பா உள்ளே, நான் வெளியே

போன வருஷம் என் அண்ணன் குமார் போன் செய்தார்.

“அப்பாவுக்கு எம்பது வருது. ஒரு புக்கு செஞ்சிடலாமா? உன் கடையிலயே செய்வோம். ஆனா நீ உள்ள உக்கார முடியாது லா. உன் ரூலு!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை சுபாவிடம் கொடுத்தேன். எனக்கு உதவியாக இருக்கும் பெண், கெட்டிக்காரி.

அப்பா என்னிடம் இதுவரை பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. “பசியாறிட்டியா?”, “புள்ளைங்க எப்படி இருக்கு?”, “மழ வருது, பாத்துப் போ.” அவ்வளவுதான். அதே மனிதர் உள் அறையில் சுபாவோடு மணிக்கணக்கில் பேசினார். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டுச் சத்தமும் கேட்டது. அப்பா பாடுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சுபா வெளியே வந்து, “அக்கா, தாத்தா செம ஜாலி லா! என்னைக் கண்ணு, கண்ணுன்னு கூப்பிடுறாரு” என்றாள்.

என்னை அவர் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வந்தது பொறாமைதான், வேறென்ன? என் அப்பாவை என் மேசைக்குப் பத்தடி தள்ளி உட்கார வைத்து எவளோ ஒருத்தி கதை கேட்கிறாள். அன்று முழுவதும் சுபாவின் வேலையில் குறை கண்டுபிடித்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன், மார்ஜின் கோணல் என்றேன். பாவம், அந்தப் பெண் காரணம் புரியாமல் விழித்தாள்.

மறுநாள் பொறுக்க முடியாமல் பாலில்லாத டீயான தே ஓ ஒன்று கலந்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். பேச்சு சட்டென்று நின்றது.

“வெச்சிட்டுப் போ புள்ள. நாங்க வேலையா இருக்கோம்” என்றார் அப்பா.

அந்த ஒரு பக்கம்

லேஅவுட் என் வேலை. பக்கங்கள் ஒவ்வொன்றாக என் கணினிக்கு வந்தன. அதில் ஒன்று இப்படி இருந்தது:

“பீடோர் பக்கத்துல நாங்க இருந்த தோட்டத்த வித்துட்டாங்க. வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்ப நான் கால் ஒடிஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தேன். என் மகன் குமார்தான் லாரி புடிச்சி, சாமான ஏத்தி, அம்மாவ ஈப்போவுக்குக் கொண்டாந்து சேத்தான். கஷ்டத்துல கூட நிக்கிறவன்தான் புள்ள. பேரப்புள்ளைங்க இதக் கத்துக்கணும்.”

லாரி பிடித்தது நான்.

அண்ணன் அப்போது தொலைவில், ஜொகூரில் வேலையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூட உடையோடு, பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேயின் வாசலில் போய் நின்றேன். வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டு லாரியை அனுப்பினார். அம்மா முன்னால், டிரைவர் பக்கத்தில். நான் பின்னால், கொய்யா வாசனை வீசிய சாக்குகளுக்கு நடுவில், அம்மாவின் அலமாரிக் கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். தாப்பா தாண்டியதும் லாரி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கண்ணாடியின் மூலை உடைந்துவிட்டது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “கண்ணாடிய யாரு ஒடைச்சது?”

‘குமார்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அழித்துவிட்டு என் பெயரை அடிக்க எவ்வளவு நேரமாகும்? எழுந்து பாயிடம் போனேன்.

“பாய், ஒரே ஒரு பேருதான். அது தப்பு. நானே சாட்சி.”

“செமோர்லேருந்து ஒரு அம்மா வந்திச்சே, அதுக்கு நீ என்னம்மா சொன்னே?”

“அது வேற பாய்.”

“எப்படி வேற?”

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

படித்துக் காட்டியது

எழுதியவர்தான் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் நான் சுபாவிடமிருந்து பக்கங்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பா இருப்பது அங்கேதான். அந்த அலமாரியும் அங்கேதான், மூலை உடைந்த கண்ணாடியோடு கூடத்தில் நிற்கிறது.

அண்ணனுக்கு வேலை போய் நாளாகிறது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “பா, என் சட்ட எங்க? ஒன்னுக்கும் லாயக்கில்ல!” என்று அவர் மூத்த மகன் கத்திவிட்டு வெளியே போனான். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படித்தேன். லாரிப் பக்கம் வந்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. முடித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்பதையே கேட்டேன்.

“ஏதாச்சும் மாத்தணுமா பா?”

“வேணாம்.”

“லாரி புடிச்சது யாரு பா?”

அப்பா அன்றைக்கு ஒடிந்த அந்தக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். “கண்ணாடிய மடியில வெச்சிக்கிட்டு வந்தது யாருன்னு எனக்குத் தெரியாதா புள்ள? உங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிச் சொல்லி அழுதாளே.”

“அப்புறம் ஏன் இப்படி?”

அடுப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இந்த வீட்டுல அவன ஒருத்தரும் மதிக்கிறதில்ல. அவன் புள்ளைங்க இதப் படிச்சிட்டு ஒரு நாளாச்சும் அவன நிமிந்து பாக்கட்டும்.”

“என் புள்ளைங்களும் இதத்தான் பா படிக்கும்.”

“உனக்கென்னம்மா. நீ எப்படியும் நின்னுக்குவே.” என் கையிலிருந்த பக்கங்களைப் பார்த்தார். “மாத்தணும்னா சொல்லு. மாத்திடுறேன்.”

விதிப்படி அவர் சொன்னால் மாற்றலாம். நான் தலையாட்டினால் போதும். வேண்டாம் என்றேன்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நான் கேட்டு அவர் மாற்றினால், அது ஆயர் தாவார் மருமகள் எழுத வைத்த புத்தகம் மாதிரிதான் இருக்கும். நான் கேட்காமல் அவராகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை.

இப்போது

பிறந்தநாள் விழாவில், அந்த மூத்த மகனே மைக்கைப் பிடித்து லாரிப் பக்கத்தைப் படித்தான். படித்துவிட்டுத் தன் அப்பாவைப் பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் தானே ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தான். அண்ணன் ஒரு முறை என் பக்கம் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். அப்பா நினைத்தது நடந்துவிட்டது. எனக்குத்தான் அந்த மைக்கைப் பிடுங்கினால் என்ன என்று கை பரபரத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் என் காதில் கேட்டாள்: “அம்மா, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விதியை மாற்றாதீர்கள். பெரியவர்கள் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். ஆனால் கோப்பிக் கடையில் காத்திருக்கும் சொந்தக்காரரை மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் அவரிடம் போய், “நீங்க எப்ப வந்து பேசப் போறீங்க?” என்று கேளுங்கள். செமோர் அக்காவுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் அவர் வருகிறார். இந்த முறை உள் அறையில் உட்காரப் போவது அவர்.

அவர் வருவதற்கு முன்பே நான் பேச உட்கார்ந்துவிட்டேன். அப்பாவையும் கடைக்கு அழைத்து வந்திருந்தேன். உள்ளே வரப் பார்த்தார்.

“நீங்க சொந்தக்காரங்க பா. வெளிய இருங்க” என்று சொல்லி, கோப்பிக் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். சுபா ரெக்கார்டரை அழுத்தினாள்.

“சொல்லுங்கக்கா. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?”

“லாரி புடிச்சது நான்” என்றேன்.