மெத்தைக்கு விட்ட இடம்

தெருவில் எல்லோருக்கும் அவர் கட்டில்காரர். இருபது வருடமாகக் கட்டில் செய்கிறார். ஒரு பொருள் ஏன் ஆடுகிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலியைக் கவிழ்த்து அதன் காலைப் பார்த்த பிறகுதான் உட்காருவார்.

அவருடைய அக்காவுக்கு ஆறு கறவை மாடுகள். போன வருடம் வைக்கோல் வண்டியில் பாரம் சரிந்து, மேலே இருந்த அத்தானின் தோள் எலும்பு முறிந்தது. இந்த வருடம் வைக்கோல் கட்டுகள் வயலில் கிடக்க, அக்கா பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"வண்டிக்குப் புதுசா தட்டு செஞ்சு குடுடா. இதுவும் கவுத்துச்சுன்னா மாட்டையெல்லாம் வித்துட்டுச் சும்மா உக்காந்துடுவேன்."

"நீ சும்மா உக்காருவியா? அதைப் பாக்கறதுக்காகவே மோசமா செய்யலாம் போலருக்கே!"

மரத்தைத் தொடுமுன் பத்துப் பதினைந்து கட்டுகளைத் தரையில் அடுக்கிப் பார்த்தார். இயந்திரம் கட்டியவை, நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை. இரண்டு நீளமும் ஓர் அகலமும் சேர்ந்தால் ஏழரை அடி. வண்டி நுழைய வேண்டிய கொட்டகை வாசலோ எட்டடி. அடுத்த வரிசையைத் திருப்பிப் போட்டால், செங்கல் சுவரைப்போல மேல்கட்டு கீழிருக்கும் இடுக்கை மூடிக்கொண்டது. பதினைந்தடி நீளத்துக்குப் பலகைத் தட்டு அடித்தார். சுற்றிலும் தாழ்வாக ஒரு சட்டம் வைத்து, கைப்பழக்கத்தில், மெத்தைக்கு விடுவதுபோலப் பக்கத்துக்கு இரண்டு விரல் இடமும் விட்டார்.

நாலு வரிசை ஏற்றிக் கயிறு போட்டு, அக்கா டிராக்டரை எடுத்தாள். வாய்க்கால் திருப்பத்தில் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"முடிஞ்சுது. மாட்டு வியாபாரிக்குப் போன் போடறேன்."

"இரு அக்கா. திரும்ப அடுக்கி இன்னொரு தடவை ஓட்டு."

"விழுந்துட்டா?"

"விழட்டுமே. எங்கேருந்து விழுதுன்னு தெரியும்ல?"

தரையில் நின்ற அத்தான் தோளைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை, போன வருஷம் இவன் பக்கத்துல இல்ல. இன்னொரு தடவை விழுங்க அத்தான்னு கேட்டிருப்பான்."

இரண்டாம் முறை கட்டில்காரர் வண்டியோடு குனிந்தபடியே நடந்தார். மேல்வரிசைகள் தாமாக நகரவில்லை. திருப்பத்தில் அடிவரிசைதான் அந்த இரண்டு விரல் இடத்தில் வழுக்கிச் சட்டத்தில் போய் இடித்தது. மற்றதெல்லாம் அதன் பின்னே போயிற்று. கயிறும் சட்டத்தைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தது, அடிக்கட்டுகளைத் தொடவே இல்லை.

அன்றே சட்டத்தைக் கழற்றி, தட்டின் ஓரங்களையும் அறுக்க ஆரம்பித்தார்.

"செஞ்ச கையாலயே அறுக்கறியே, வெக்கமா இல்ல?" என்றாள் அக்கா.

"அறுத்து முடிக்கிற வரைக்கும் இருக்கும்."

இப்போது கட்டுகள் தட்டைவிட இரண்டு விரல் வெளியே நீட்டி, ஒன்றை ஒன்று நெருக்கி உட்கார்ந்தன. கயிறு அவற்றையே பிடித்தது. வாய்க்கால் திருப்பத்தில் வண்டி குலுங்கியது, பாரம் குலுங்கவில்லை. மூன்றாம் நடையில் அத்தான் யாரையும் கேட்காமல் மேலே ஏறிக்கொண்டார். அக்கா பார்த்தும் பாராததுபோல ஓட்டினாள்.

கடைசிக் கட்டும் கொட்டகைக்குள் போனதும் அவள் தம்பியிடம் வந்தாள்.

"செவலை சினையா இருக்கு. கன்னுக்கு ஒரு அடைப்பு வேணும்டா."

"கன்னு எவ்வளவு உயரம் இருக்கும்?"

"பொறந்ததும் அதுகிட்டயே கேட்டுக்கோ."