தலைப்புக்கு மேலே இருந்த வசனம்

போன ஞாயிறு ஆராதனை நடுவில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர்களிடம் முட்டிவலி என்றேன். பொய். கோபம். சுவரில் பெரிய திரை. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை இருபத்திரண்டாம் வசனத்திலிருந்து போட்டிருந்தார்கள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்று தொடங்கும் இடம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'மனைவியும் கணவனும்' என்று தலைப்பு. அந்தத் தலைப்பு எனக்குப் பழைய எதிரி.

வாசலில் நின்றால் எங்கிருந்தோ பெருங்காய வாசனை. ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பெருங்காய மொத்தக் கடையின் மாடியில்தான் அந்தக் காலத்தில் எங்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டம். ஜெபித்துவிட்டு வந்தால் இரண்டு நாளைக்குச் சேலையில் சாம்பார் மணக்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வட்டமாக உட்கார்ந்து, ஒரே வசனத்தை அவரவர் கொண்டுவந்த வேதாகமத்தில் எல்லோரும் வாசிக்க வேண்டும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, புதிய தமிழ் மொழிபெயர்ப்பு, மலையாளம். தம்பானூரில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த பவிசில் நான் இங்கிலீஷ் கொண்டுபோவேன். பாதி எனக்கே புரியாது. ஒருநாள் தமிழில் காட்டுப் பூ என்றிருந்த இடத்தில் மலையாளத்தில் வயல் தாமரை வந்தது. "வயல்ல எப்பிடி தாமர வரும்?" என்று அம்மா கேட்டாள். ஒரே சிரிப்பு. எந்தப் பூ என்பதா முக்கியம், யாரும் பாடுபடாமலே அது பூத்ததுதானே என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது.

அப்போது அக்கா, புருஷன் அடித்து வீங்கிய கையோடு எங்கள் ஒற்றை அறைக்கு வந்து பத்து நாள். கூட்டம் நடத்தும் மூப்பர் அவளுக்காகவே அந்த எபேசியர் அதிகாரத்தை எடுத்தார். புதிய தமிழில் தலைப்பிலிருந்து வாசித்துவிட்டுச் சொன்னார்: "கேட்டியா மோளே? நாளைக்கே புறப்படு." நானும் தலையாட்டினேன். அறையில் படுக்க இடமில்லை. என் பக்தி அவ்வளவுதான். நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்து அக்காவின் முறை. அவள் மடியில் அட்டை பிய்ந்த பழைய தமிழ் வேதாகமம். அதில் தலைப்பே கிடையாது. வசனங்கள் விடாமல் ஓடும்.

"மூப்பரே, இதில தலைப்பு ஒண்ணும் இல்ல. பேச்சு மேலயே தொடங்கியாச்சு. ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியணும்னுல்லா இருக்கு? அப்போ அவரும்தான?"

"குறிச்ச வசனத்த மட்டும் வாசி."

நான் அவசரமாக என் இங்கிலீஷைப் புரட்டினேன். அதிலும் தலைப்பு உண்டு. ஆனால் ஒரு வசனம் மேலே ஏறி, அக்கா சொன்ன வசனத்தையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைப்பு போட்டது கடவுள் இல்லை, அச்சடித்தவர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் திறந்து அதைச் சொன்னேன். அம்மா எழுந்து அக்காவின் வேதாகமத்தை வாங்கி மூடினாள். "அப்போ எம்மவ போவண்டாம்."

அக்கா போகவில்லை.

அடுத்த புதன் மூப்பர் தலைப்பு போட்ட அதே புதிய தமிழ் வேதாகமங்களைக் கட்டாக வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். "பல புஸ்தகம், பல குழப்பம். இனிமே எல்லாருக்கும் இதுதான்." குழப்பமாம்! ஒரு பெண் உயிரோடு இருந்ததுதான் அவருக்குக் குழப்பம். சுற்றி வாசிப்பது அன்றோடு நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தப்பித்த சந்தோஷத்தில் நாங்களும் கேட்கவில்லை.

போன ஞாயிறு வாசலில் நின்ற என் பின்னாலேயே ஒரு இளம்பெண் வந்து, "எந்தாச்சு ஆன்ட்டி?" என்றாள். போன மாதம்தான் கல்யாணமானவள்.

"அந்தத் தலைப்புக்கு முந்தின வசனத்தப் பாரு மோளே."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். "ஸ்கிரீன்ல அது இல்லல்லோ ஆன்ட்டி."

கதவு வழியாக நானும் உள்ளே பார்த்தேன். சபை முழுவதும் திரையைப் பார்த்து ஒரே குரலில் வாசித்துக்கொண்டிருந்தது. ஒருவர் மடியிலும் புத்தகம் இல்லை.