கிளாடிஸ் அக்காவின் சிவப்பு வாளி

பொழுது விடிந்ததும் கிளாடிஸ் அக்கா தம் சிவப்பு வாளியைக் கொண்டுபோய்க் கக்கூஸ் கதவோரம் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். போத்தனூரில் எங்கள் லைன் வீடுகளில் வரிசைக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, வாளி நின்றால் போதும். அடுத்தவர் வாளியைத் தாண்டிப் போனவர் அக்காவிடம் பேச்சு வாங்காமல் தப்பியதில்லை.

எதிரும் புதிருமாக ஒற்றை அறைகள், நடுவில் எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே துவைக்கிற கல், கடைசியில் இரண்டு கக்கூஸ். வீட்டுக்காரர் பாக்கியசாமி போன வருஷம் மேலே ஒரு மாடி எழுப்பினார். படிக்கு இடம் பார்த்தார், பைக் நிறுத்த இடம் பார்த்தார். குடிவருகிறவர்கள் காலையில் எங்கே போவார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. போதாததற்கு ஒரு கக்கூஸைப் பூட்டி, மிச்சமான டைல்ஸை உள்ளே அடுக்கிவிட்டார். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா நைட்டி தைக்கிறவர். மெஷினை வாசலில் போட்டிருப்பதால் லைனில் யார் போகிறார், யார் அடக்கிக்கொண்டு திரும்புகிறார் என்பதெல்லாம் தெரியும். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும். "போங்க" என்றால் சும்மா சொல்கிறார். "போங்களேனுங்க" என்றால் ஒதுங்கிவிடுவது நல்லது.

பக்கத்து அறை நிலோஃபருக்கு நிறைமாதம். வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். நேற்று குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டாள்.

"தண்ணியே குடிக்காம இருந்தியான்னு டாக்டரம்மா திட்டிப்போட்டாங்கக்கா" என்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பாக்கியசாமிக்குப் போன் போட்டார். "ஏனுங்க, அந்தப் பூட்டைத் தொறந்து உடுங்க. புள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்குதுங்க."

"அடுத்த மாசம் பாக்கலாம் கிளாடிஸ். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

"சரீங்க. ரொம்பச் சந்தோசமுங்க" என்று வைத்துவிட்டார். எனக்கே பயமாக இருந்தது.

இன்று காலை சிவப்பு வாளி வழக்கமான இடத்தில் இல்லை. ஒரு கையில் வாளியும் மறு கையில் நிலோஃபருமாக அக்கா அடுத்த தெருவுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பாக்கியசாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. "ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே நேராக உள்ளே போய், அவருடைய கக்கூஸ் கதவோரம் வாளியை வைத்தார்.

துண்டோடு வந்த பாக்கியசாமி திகைத்து நின்றார். "என்ன கிளாடிஸ் இது?"

"வரிசைங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

நிலோஃபரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பாக்கியசாமி கதவுப் பக்கம் ஓரடி எடுத்துவைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே, சிவப்பு வாளியைக் காலால் தள்ளி அவருக்கு முன்னால் நிறுத்தினார்.