சாய்வெழுத்துக்கு மூன்று ஆள்

நாள் முழுக்க ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் படித்து, வீட்டில் பெண்டாட்டி நேராகப் பேசினாலும் புரியாமல் போகிற தொழில் எங்களுடையது. அச்சுக் கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்! குளுவாங்கில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு, முதலாளியை நச்சரித்து, மதராஸிலிருந்து ஒரு பெட்டி சாய்வெழுத்து வரவழைத்தேன். தூரிகையால் எழுதியதுபோல் ஒவ்வொன்றும் வாலைச் சுழித்துக்கொண்டு நிற்கும். என்ன அழகு! முதலாளிதான் முகம் சுளித்தார். "தைப்பூசத்துக்குள்ள மூணு பேரு இதுதான் வேணும்னு கேக்கணும். இல்லாட்டி எழுத்து அடுப்புக்கு, நீ பழையபடி ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போ."

ஆப்பு

மெஷின் ஓட்டும் அந்தோணி முதல் மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தான். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சட்டத்துக்குள் எழுத்து நகர்ந்துவிட்டது என்று நினைத்து மர ஆப்பை இறுக்கினான். மறுபடி ஒரு தாள். மறுபடி ஆப்பு. சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் ஒரு 'ழ'வின் வால் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவனை என்ன செய்திருப்பேனோ, தெரியாது. அவனோ வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மூணு தடவ அடிச்சிட்டேன் லா, உன் எழுத்து நிமிர மாட்டேங்குது!"

கங்காணி வீட்டுக் கல்யாணம்

யோங் பெங் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு இந்த எழுத்துதான் வேண்டும் என்றார். குஷியாகிவிட்டேன். மாப்பிள்ளை பெயரை இடப்பக்கமும் பெண் பெயரை வலப்பக்கமும் கோத்துக் காட்டினேன். தாளை வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை பொண்ணு பக்கம் சாயுறாரு, சரி. எம்பொண்ணு எதுக்கு அடுத்த வீட்டுப் பக்கம் சாயுது?"

கிராணியின் அப்பா

பெயர்களை மேலும் கீழுமாகப் போட்டுக் கங்காணியைச் சமாதானப்படுத்தியதில் ஓர் ஆள் தேறினார். அடுத்து லாயாங் லாயாங்கிலிருந்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் ஒரு கிராணி, அப்பாவின் கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்தார். துக்கக் காரியம் ஆயிற்றே என்று நானே நேரெழுத்துப் பெட்டியை இழுத்தேன். அவர் சுவரில் தொங்கிய சாய்வெழுத்து மாதிரியைக் காட்டினார்.

"எங்கப்பா கடைசிவரைக்கும் சாய்வு நாற்காலிய விட்டு எந்திரிக்கலைங்க. அவருக்கு இதுதான் பொருத்தம்."

மூன்றாவது ஆள்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வரை மூன்றாவது ஆள் வரவில்லை. முதலாளி ஈயம் உருக்கும் சட்டியைத் துடைத்து வைத்துவிட்டார். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினேன். சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. அப்போது அந்தோணி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். ஈஸ்டர் முடிந்ததும் அவனுக்குக் கல்யாணமாம், பத்திரிகை சாய்வெழுத்தில்தான் வேண்டுமாம். "நீயா?" என்று முதலாளியே வாய் பிளந்தார். பெண் பெயரை இடப்பக்கம் போடச் சொன்னான். "அப்படின்னா நீ வெளியே சாய்வாயே" என்றேன்.

"அவ எம்பக்கம் சாயட்டும். நான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அவ இழுத்து நிறுத்திடுவா லா!"

ஆப்படித்து நிமிர்த்த வந்தவனே சாய்ந்துவிட்டதால், குளுவாங் வட்டாரத்துப் பால்மரங்கள் என் கையிலிருந்து தப்பித்தன.