சுண்ணாம்பு மூட்டையின் சூடு

என் அப்பாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அது இறங்குவதற்குள் நாலு வார்த்தை வெளியே வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில், சுண்ணாம்புக்காக வந்த ஒரு வார்த்தை அவருடைய பழைய சிநேகிதத்தை முறிக்கப் பார்த்தது.

நான் அப்போது கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் கோயமுத்தூர் போய் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அப்பா சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்தார். உக்கடம் பக்கம் கடை வைத்திருந்த பாயிடம் மழைக்கு முன்பே வாங்கி, மாட்டுச் சாளையில் போட்டு வைத்திருந்த சுட்ட கல் அது. பாயும் அப்பாவும் இளவட்டங்களாக இருந்த நாளிலிருந்து பழக்கம். அக்கா கல்யாணத்தில் பந்தியில் நின்று எங்கள் ஆட்களோடு சேர்ந்து பரிமாறியவர் அவர்.

சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துக் குதிக்கும், எட்ட நிற்க வேண்டும். நாங்களும் எட்டத்தான் நின்றோம். தொட்டித் தண்ணீர் குளிக்கிற பதத்துக்குச் சூடானதோடு சரி, கல் பாட்டுக்குக் கிடந்தது. அம்மா, “இதுல துணி நனைக்கலாமாட்ட இருக்குது” என்றாள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் நான் காலேஜ் போகும் பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். உக்கடத்தில் நானும் அவரோடு இறங்கினேன். கடைக்குள் நுழைந்ததும், “வேகாத கல்லக் குடுத்துப்போட்டீங்களே பாய்” என்று ஆரம்பித்தார். “நல்ல கல்லுதானுங்க” என்றார் பாய். அதற்குமேல் அவர் வாய் திறப்பதற்குள் அப்பா, “உங்காளுகளே இப்படித்தானுங்க” என்று சொல்லிவிட்டார். ஊரில் அந்த மாதிரிப் பேச்சு அங்கங்கே தலைதூக்கிக்கொண்டிருந்த காலம்தான். ஆனால் எங்கள் வீட்டு வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாய் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் வகுப்பில் என்தால்பி மாற்றம், அதாவது ஒரு வினையில் எவ்வளவு சூடு வெளியே வரும், உள்ளே போகும் என்கிற பாடம், நடந்துகொண்டிருந்தது. சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் மோலுக்கு மைனஸ் அறுபத்தைந்து கிலோ ஜூல். மைனஸ் என்றால் வெளியே வரும் சூடு. மோல் என்றால் இங்கே ஐம்பத்தாறு கிராம் கல். பரீட்சைக்காக உருப்போட்ட எண்ணை நிஜக் கல்லோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. கல் சூளையில் சரியாக வேகவில்லை என்றால் நடுப்பகுதிதான் பச்சையாக இருக்கும். வீட்டில் ஈரம் பட்டுக் கெட்டிருந்தால் மேல்பகுதி செத்துப்போய் நடு மட்டும் உயிரோடு இருக்கும். பாய் ஏமாற்றினாரா இல்லையா என்பதை ஒரு தெர்மாமீட்டர் சொல்லிவிடும். லேபில் கேட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்க். “காப்பி ஊத்துற பிளாஸ்க்கு அம்மணி” என்று அம்மா பின்னாலேயே வந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, என்னமோ செய்யட்டும் என்கிற மாதிரிப் பார்த்தார். மூட்டையில் மிச்சமிருந்த பெரிய கல் ஒன்றை உடைத்து, நடுவிலிருந்து பத்து கிராம் எடுத்துப் பொடித்தேன். இருநூறு மில்லி தண்ணீர். போடுவதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டேன். கல் நல்ல கல்லாக இருந்தால் பதின்மூன்று டிகிரி போல ஏற வேண்டும்.

பொடியைக் கொட்டிக் குலுக்கினேன். பாதரசம் ஏறத் தொடங்கியது. ஐந்து, எட்டு, பத்து. பதின்மூன்றை நெருங்கியதும் மெதுவாகி அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் புல்லரித்தது. அந்தக் கல் என் புத்தகத்தைப் படித்ததில்லை. எங்கோ ஒரு சூளையில் வெந்து, மூட்டையில் கிடந்த கல், நான் பேனாவால் எழுதின இடத்தில் வந்து நின்றது. அடுத்து மேலே உதிர்ந்த மாவில் பத்து கிராம் போட்டேன். ஒரு டிகிரிகூட ஏறவில்லை.

அப்பா எழுந்து வந்து தெர்மாமீட்டரைத் தானே பார்த்தார். “அப்ப, மாவுல இருந்த சூடு எங்க போச்சு கண்ணு?” என்று கேட்டார்.

வகுப்பில் ஒருத்தியும் கேட்காத கேள்வி. சூடு காணாமல் போக வழியில்லை. கல் தொட்டியில் ஒரே மூச்சாகத் தண்ணீர் குடித்தாலும், ஓடு ஒழுகிய சாளைத் தரையிலிருந்து மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குடித்தாலும், இரண்டு வழிக்கும் புறப்பட்ட இடமும் போய்ச்சேர்ந்த இடமும் ஒன்றென்றால் மொத்தச் சூடும் ஒன்றுதான். ஐம்பது கிலோ மூட்டையில் பாதி மாவாகியிருந்தது. அதற்குக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய தொண்ணூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு வந்தது. நம்பாமல் மறுபடி போட்டேன், அதேதான். அவ்வளவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் சாளையிலேயே வெளியே வந்து போயிருக்கிறது. தினமும் அங்கே சாணி அள்ளினோம், பால் கறந்தோம், யாருக்கும் தெரியவில்லை. மூட்டையை ஒட்டிப் படுத்த எருமைக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இத்தனை ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குப் பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

“அப்ப கல்லு மேல குத்தமில்ல” என்றார் அப்பா.

“இல்லீங்கப்பா. நம்ம சாளை ஈரந்தான்.”

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு மறுபடி பஸ் ஏறினார்.

கடையில் பாய் மட்டும் இருந்தார். அப்பா வாசலிலேயே நின்று, “கல்லு நல்ல கல்லுதானுங்க பாய். எங்க சாளைலதான் கெட்டுப்போச்சு. பாப்பா கணக்குப் போட்டுப் பாத்துச் சொல்லுச்சு” என்றார்.

“நல்ல கல்லுன்னு எனக்குத் தெரியுமுங்க.”

“அப்ப அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாமுங்களே.”

பாய் அப்பாவை நேராகப் பார்த்தார். “நீங்க அன்னைக்குக் கல்லப் பத்தியாங்க பேசுனீங்க?”

அப்பா தலை குனிந்தார். இந்த இடத்துக்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. தலையைத் தூக்காமலே, “அதுக்குஞ் சேத்துத்தானுங்க வந்தேன்” என்றார்.

பரவாயில்லை என்று பாய் சொல்லவில்லை. பெஞ்சில் கிடந்த காலிச் சாக்குகளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “உக்காருங்க” என்றார்.