என் மகளுக்கும் ஒரு தேதி இருந்தது

ஆம்பூர் அருகே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். அப்படி ஒரு புதனன்று, ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஷபானா, ஒன்பதாம் மாத ஊசிக்குப் பத்து நாள் தாமதமாகக் குழந்தையோடு வந்தார்.

“தேதி எழுதிக் கொடுத்தும் மறந்தா எப்படிம்மா?” என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

“கம்பெனில லீவு தரல சிஸ்டர். ஆமா, உங்க பாப்பாவும் எம்பொண்ணும் ஒரே வாரத்துல பொறந்ததுங்கதானே? அதுக்குப் போட்டாச்சா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர்க் குழந்தைகளின் தேதியெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மகளுடையதை மறந்தே போயிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

“இன்னா சிஸ்டர், இதுக்குப்போயி பேஜாராவுறீங்க! போன் பண்ணி பாப்பாவ இட்டுனு வரச் சொல்லுங்க. வர்ற வரைக்கும் உங்கள நான் திட்டிக்கினு இருக்கேன்.”

வரிசையே சிரித்தது. நானும்தான்.

அரை மணி நேரத்தில் கணவர் மகளைத் தூக்கி வந்தார். எனக்குக் கை வரவில்லை. உடன் வேலை செய்யும் அக்காதான் ஊசி போட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர் ஷபானா.

தாமதமாக வரும் அம்மாக்களை இப்போது முதலில் உட்காரச் சொல்கிறேன். நான் நல்ல அம்மாதானா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் அது அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.